காட்டு நாயகனின் இடது கை

காலை ஐந்தரைக்கே குளியலறைக் கண்ணாடி முன் நின்று மார்பு முடியைச் சிரைத்துக்கொண்டிருக்கிறார். வயது நாற்பத்தாறு. பிறந்ததிலிருந்து காட்டிலேயே வளர்ந்த நாயகனுக்கு உடம்பில் ஒரு முடிகூட இருக்கக் கூடாது என்பது சினிமாவின் சட்டம். "காட்டுல பிளேடு யாரு வித்தாங்கன்னு மட்டும் கேட்டுராதீங்க" என்பார். இடது கை உதவிக்கு வருவதில்லை. தொடையோரம் சும்மா தொங்குகிறது.

படப்பிடிப்பில் எல்லோருக்கும் இவர் "டூப் அண்ணே". நாயகர்களுக்குப் பதிலாகக் கயிற்றில் தொங்குவதும் மரத்திலிருந்து விழுவதும் இவர் வேலை. குரங்குகள் வளர்த்த பிள்ளை கொடியில் தாவித் திரியும் அந்தப் பழைய காட்டுக் கதைக்கு இப்போது உரிமையாளர் யாரும் இல்லையாம்; யார் வேண்டுமானாலும் எடுக்கலாமாம். விடுவார்களா? வரிசையாக மூன்று கம்பெனிகள் இறங்கிவிட்டன. முதல் படத்தில் இவர் உடம்பெங்கும் பொட்டு ஒட்டி, பச்சைத் துணிக்கு முன்னால் தாவச் சொல்லி, அசைவை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டார்கள். "நான் தாவுனேன், கம்ப்யூட்டரு பேரு வாங்கிச்சு." இரண்டாவது படத்தில் இடது கை விரல்கள் மரத்துப்போவதாக ஸ்டண்ட் மாஸ்டரிடம் வாய்தவறிச் சொன்னார். மாஸ்டர் தோளைத் தட்டி, ஓய்வெடுத்துக்கொள் என்று வீட்டுக்கு அனுப்பினார். எட்டு மாதம் போன் வரவில்லை.

மூன்றாவது படத்துக்கு அதே மாஸ்டர் கூப்பிட்டார். கை சரியாகிவிட்டது என்று இவர் சொல்லிக்கொண்டார். இதில் எல்லாமே நிஜமாம்: கம்ப்யூட்டர் கிடையாது, இடுப்பில் பாதுகாப்பு ஒயர் கிடையாது, கீழே அட்டைப் பெட்டிகளும் மெத்தையும் மட்டும். நாயகனே டூப் இல்லாமல் தாவினார் என்று விளம்பரம் வரப்போகிறது. வெளியே மூச்சு விடமாட்டேன் என்று இவரிடம் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது.

உடல் தகுதிச் சான்றிதழ் வாங்கியதுதான் பெரிய கூத்து. டாக்டர் இரண்டு விரலை நீட்டி, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்தார். அடுத்த கை என்றபடி டாக்டர் எழுதக் குனிந்தார். இவர் மறுபடியும் வலது கையையே கொடுத்தார். இரண்டும் இரும்பு மாதிரி இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். இதை வீட்டில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். மனைவி சிரிக்கவில்லை.

அவளுக்குத் தெரியும். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவது அவள்தானே. போன வாரம் வெந்நீர்ப் பாத்திரத்தைத் துணி பிடித்து அடுப்பிலிருந்து இறக்கினார். இடது கைத் துணி நழுவிவிட்டது. அது தெரியாமல், பாத்திரத்தைப் பிடித்தபடியே அவளோடு பேசிக்கொண்டு நின்றார். விரல் வேகும் வாடை வந்த பிறகுதான் அவள் கவனித்துத் தட்டிவிட்டாள்.

"சுட்டது தெரியலையா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? பொறுத்துக்கிட்டேன்."

"பொய் சொல்றவரு மூஞ்சியையாவது சுளிச்சிருக்கலாம். மாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன்."

"சொல்லு. அப்புறம் காலைல எந்திரிச்சு நான் எங்க போறதுன்னும் நீயே சொல்லு."

அவள் வெந்த விரல்களில் களிம்பு தடவினாள். அந்த எட்டு மாதமும் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் ஏதாவது செய்துகொள்வாரோ என்று அவள் பயந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

இன்று நாற்பதடி மேடை. ரப்பர் இலை சுற்றிய இரண்டு கயிறுகள். முதல் கயிற்றில் பாய்ந்து, பாதி வழியில் வலது கையால் இரண்டாவதைப் பற்ற வேண்டும். பற்றியதும் முதலாவதை விட்டுவிட வேண்டும். எட்டிப் பிடிக்கும் அந்த நேரத்தில் முழு உடம்பையும் இடது கைதான் தாங்கும். கையை மாற்றிக்கொள்ளலாம் என்றால் கேமரா இருக்கும் பக்கத்துக்கு அது ஒத்துவராது. ஒத்திகையில் இரண்டு முறை வழுக்கி மெத்தையில் விழுந்தார். கை வேர்க்கிறது என்று சாக்குச் சொன்னார். இன்னொரு தடவை வழுக்கினால் வேறு ஆள்தான் என்று, முகத்தைப் பார்க்காமலே மாஸ்டர் சொல்லிவிட்டார்.

கயிற்றில் கையைக் கட்டாதே என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். கட்டிய கை வழுக்காது; ஆனால் விட வேண்டிய நேரத்தில் விடவும் முடியாது. ஆளை ஒரு கயிறு அந்தப் பக்கமும் மற்றது இந்தப் பக்கமும் இழுக்கும். புதிதாக வருகிறவர்கள் பயத்தில் சுற்றிக்கொண்டால் மேடையேறி அவிழ்த்துவிட்டுத் திட்டுகிறவர் இவர்தான்.

கீழே கேமரா ஓடத் தொடங்கியது. அவர் எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். முதல் கயிற்றின் தொங்கிய நுனியை இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து இறுக்கினார். ரப்பர் இலைகளை அதன்மேல் இழுத்து மூடினார். பிறகு மாஸ்டரைப் பார்த்துத் திரும்பி, தயார் என்று வலது கையை உயர்த்தினார்.