சுவரில் இரண்டு சதுரம்

எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் வீடு பெண்ணுக்குத்தான். அம்மா எனக்கென்று பழைய கல்வீட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். ஓடு, கதவு, கிணற்றுக்கட்டு எல்லாம் அவர் இஷ்டம். மிச்சம் இருந்தது முன் அறைச் சுவரின் நிறம் ஒன்றுதான். அதையாவது நான்தான் சொல்லுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

எனக்கு ஐவரி. அம்மாவுக்குக் கிறீம். தேங்காயின் முதற்பாலுக்கும் இரண்டாம் பாலுக்கும் உள்ள வித்தியாசம்கூட அவற்றுக்குள் இல்லை. இதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்; அப்போது விடுவேனா! இரண்டிலும் சின்ன டின் வாங்கி, சுவரில் அருகருகே இரண்டு சதுரம் பூசினோம். காலையில் பார்த்தோம், உச்சி வெயிலில் பார்த்தோம், வாவிப் பக்கத்து ஜன்னலைத் திறந்தும் சாத்தியும் பார்த்தோம். பத்து நாள் இதே கூத்து.

"உன்ட ஐவரி ஆஸ்பத்திரிக்குத்தான் சரி, புள்ள" என்றார் அம்மா.

"உங்கட கிறீம் பூச முதலே அழுக்காக் கிடக்கு."

கலியாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது இராணுவம் ஊரைச் சுற்றி வளைத்தது. வீடு வீடாகச் சோதித்து வந்த ஆமிக்காரர்கள் எங்கள் முன் அறையில் அப்படியே நின்றுவிட்டார்கள். மங்கிப்போன சுவரில் புத்தம் புதிதாக இரண்டு சதுரம்! அதிகாரி விரலால் தட்டிப் பார்த்தான்.

"உள்ளுக்கு என்ன இருக்கு?"

"ஒண்டுமில்ல ஐயா, கலர் பார்க்கப் பூசின" என்று அம்மா கும்பிட்டுச் சொன்னார். யார் கேட்டது? துவக்குப் பிடியால் இரண்டையும் இடித்தார்கள். சாந்து பெயர்ந்து விழுந்தது. உள்ளே கல்லைத் தவிர ஒன்றுமில்லை.

அதிகாரி ஓரத்தில் மிஞ்சியிருந்த இரண்டு நிறத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என் ஐவரியைக் காட்டிச் சிரித்தான்.

"இதப் பூசுங்க. இதுதான் நல்லம்."

சுவரை இடித்துப்போட்டு நிறம் சொல்ல இவன் ஆர்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கவா முடியும்?

அவர்கள் போன பிறகு அம்மா சாந்துத் துண்டுகளைக் கூட்டி அள்ளினார்.

"சரி புள்ள, உன்ட ஐவரியையே பூசுவம். இனி நான் ஒண்டும் சொல்லன்."

பத்து நாளாக அவர் வாயிலிருந்து வராதா என்று நான் காத்திருந்த பேச்சு.

"வேணாம்" என்றேன். "கிறீமையே பூசுங்க."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். ஐவரி டின்னை மூடி வைத்தார்.

கலியாணத்துக்கு வந்த சனமெல்லாம் நல்ல கலர் என்றது. எனக்கு அது அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.