பம்ப் அறை டெலிபோன்

போர்க்கப்பல்களுக்கு நடுக்கடலில் எண்ணெய் கொடுக்கும் அந்த டேங்கர் கடலில் இறங்கிய வருஷமே பம்ப்காரரும் வேலைக்குச் சேர்ந்தார். முப்பத்தோரு வருஷம். பீரங்கி கிடையாது, பேர் புகழ் கிடையாது. வந்த கப்பலோடு பக்கம் பக்கமாக ஓடி, குழாயைக் கொடுத்து வயிற்றை நிரப்பி அனுப்ப வேண்டியது. தான் இல்லாவிட்டால் நாலு பம்பும் படுத்துவிடும் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்வார். மனுஷருக்கு அதில் அப்படியொரு மிதப்பு.

மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கப்பலில்தான் இருந்தார். எல்லாம் முடிந்து பன்னிரண்டாம் நாள் வந்து நின்று, லீவு கேட்டேன், கொடுக்கவில்லை என்றார். சொந்தபந்தம் கடற்படையைத் திட்டித் தீர்த்தது. மகன் மட்டும் வாயே திறக்கவில்லை. ஆறு வருஷமாகியும் திறக்கவில்லை. அவனும் கடற்படையில் சேர்ந்த சேதியே அவருடைய தங்கை சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

டேங்கரை உடைக்க அனுப்புமுன் கடைசியாக ஒரு போர்க்கப்பலுக்கு எண்ணெய் கொடுக்க வேண்டியிருந்தது. மகன் வேலை பார்க்கும் கப்பல். குழாயோடு ஒரு டெலிபோன் கம்பியும் அந்தப் பக்கம் போகும். இரும்பு ஏணியில் இறங்கி, எண்ணெய் வாடையடிக்கும் அறையில் ரிசீவரை எடுத்தார். பம்பை ஓட்டச் சொன்ன குரல் மகனுடையது.

ஒரு மணி நேரம் அழுத்தம், அளவு தவிர வேறு பேச்சில்லை. அங்கே தொட்டி நிறையப் போகும் நேரத்தில் அவரால் பொறுக்க முடியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டார்.

மகன் அளவைச் சொல்லிவிட்டுக் கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அப்போ நிஜமாவே லீவு கேட்டீங்களா?"

ஆமாம் என்றால் பிள்ளை கிடைத்துவிடுவான். ஆறு வருஷம் சொன்ன பொய்தானே, இன்னொரு தடவை சொன்னால் என்ன குடியா முழுகிவிடும்? பாவி மனுஷருக்கு அந்த நேரம் பார்த்து நாக்கு எழவில்லை.

"கேக்கலப்பா. அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். நான் வந்துட்டா இங்க வேலை நின்னுடும்னு..."

"பம்பை நிறுத்துங்க."

நிறுத்தினார். குழாய் திரும்பி வந்தது. மூச்சு வாங்க மேலே ஏறிப் பார்த்தபோது அந்தக் கப்பல் விலகிக்கொண்டிருந்தது. ஓரமாக ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரி உடுப்பில் நின்றார்கள். அதில் தன் பிள்ளை யார் என்று அவருக்குத் தெரியவில்லை.