கேட்டைத் தாண்டிய தண்ணீர்

திருத்தணியில் எங்கள் வீடு தெருவின் மேட்டில் இருந்தது. எங்கள் கிணற்றுக்கு மின்சார மோட்டார் வந்த வருடம், நைனா வாசலில் புல்தரையும் ரோஜாவும் வைத்தார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். யூரியாவை அள்ளி அள்ளிப் போடுவார். பூச்சிக்கு வெள்ளைப் பொடி தூவுவார். காலையும் மாலையும் ரப்பர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விடுவது என் பொறுப்பு. எனக்கு ஒன்பது வயது. குழாயைச் செடிகளுக்கு நடுவே போட்டுவிட்டுப் பாண்டி ஆடப் போய்விடுவேன். தண்ணீர் தேங்கி, கேட்டைத் தாண்டி, தெருவோடு இறங்கி, கீழேயிருந்த பொதுக் கிணற்றின் இடிந்த சுவர் வழியாக உள்ளே விழும். நான் விட்ட காகிதக் கப்பல் அதில் போய் விழுந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கோடையில் பொதுக் கிணற்றுத் தண்ணீர் பச்சையாகி நாறியது. பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி. நெசவுக்கார அக்காவின் கைக்குழந்தைதான் முதலில் படுத்தது. ஆனாலும் தெரு அவளைத்தான் பிடித்துக்கொண்டது. சாயம் தோய்த்த நூலைக் கிணற்றடியில் அலசுகிறவள் அவள்தானே. படித்தவர் என்று நியாயம் சொல்ல நைனாவை அழைத்தார்கள்.

"பத்து வருசமா இங்கதாங்க அலசிகினு கீறோம். தண்ணி இப்பதான கெட்டுச்சி? உங்க தோட்டத்துத் தண்ணி வழிஞ்சி இதுல வுழுதுங்க" என்றாள் அக்கா.

நைனா சிரித்தார். என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"இவதான் தண்ணி உடறா. நீயே சொல்லும்மா, நம்ம தண்ணி கேட்டத் தாண்டி வருதா?"

ஆமாம் என்றால் நான் ஆடப் போனது தெரிந்துவிடும். அடி விழும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல நைனா."

அத்தோடு முடிந்தது. அவள் குடம் இனி அந்தக் கிணற்றில் இறங்கக்கூடாது என்றார்கள். சில நாள், இடுப்பில் பிள்ளையும் தலையில் குடமுமாக அக்கா அடுத்த தெருக் குழாய்க்கு நடந்தாள். பிறகு தறியைப் பிரித்து மாட்டுவண்டியில் ஏற்றி, குடும்பத்தோடு பொதட்டூர்பேட்டைக்குப் போய்விட்டாள்.

மறுநாளே நைனா கொத்தனாரைக் கூட்டிவந்து, கேட்டை ஒட்டிச் சாண் உயரத்துக்குச் செங்கல் கரை கட்டவைத்தார். அரைமணிக்கு மேல் தண்ணீர் விடாதே என்றார். தெரு சேர்ந்து பொதுக் கிணற்றை இறைத்தது. புதிதாய் ஊறிய தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"பாத்தீங்களா சார், அவங்க போனதும் தண்ணி எப்படி ஆயிடுச்சி!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஆங்" என்றார் நைனா.

அவரை நான் ஏமாற்றிவிட்டேன் என்று ரொம்ப நாள் பயந்துகொண்டே இருந்தேன். கரையை எதற்குக் கட்டினார் என்று அப்போது யோசிக்கத் தெரியவில்லை.