சுந்தரபாண்டியத்துச் சாம்பல் புள்ளி

போன மாதம் என் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் ஸ்ரீவில்லிபுத்தூரில். வீடு ராஜபாளையத்தில். அழைக்க வேண்டிய சொந்தங்களோ சுற்றுவட்டாரம் முழுக்க. பட்டியலைப் பார்த்ததுமே எனக்கு முழங்கால் வலித்தது.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு லேப்டாப் வந்தது... கூடவே என் மச்சினன் ரமேஷும் வந்தான்.

யார் யாரோடு தொடர்பில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற வேலை அவனுக்கு. கை நிறையச் சம்பளம். (எங்கள் தெருவில் இதை இலவசமாகவே செய்கிறார்கள்.)

"அத்தான், மனுசங்க எல்லாம் புள்ளி. பழக்கம் எல்லாம் கோடு. யாருக்கு எம்புட்டுக் கோடு இருக்குன்னு பாத்து வகை பிரிச்சிட்டா, அலைச்சல் பாதியா குறைஞ்சிரும்!"

அழைப்புப் பட்டியல், எங்கள் போன்கள், குடும்ப வாட்ஸ்அப் குரூப் – எல்லாவற்றையும் லேப்டாப் விழுங்கியது. சொந்தபந்தம் மொத்தமும் கொசுக்கூட்டமாகத் திரையில் மொய்த்தது. நிறையக் கோடு உள்ளவர் சிவப்பு. தாம்பூலத் தட்டோடு நேரில் போகணும். இரண்டு கூட்டத்தை இணைப்பவர் பச்சை; போன் போதும். யாரோடும் ஒட்டாதவர் சாம்பல், தபாலில் பத்திரிகை.

திரையின் மூலையில் ஒற்றைச் சாம்பல் புள்ளி. பேச்சியம்மாள். என் பெரியப்பா மகள். சுந்தரபாண்டியத்தில் தனியாக இருக்கிறார். போனே வைத்துக்கொள்ளாதவர்.

"பேச்சி மதினிய நேர்ல கூப்பிடாம இருக்கலாமாடா?" என்றாள் என் மனைவி வசந்தா.

"அக்கா, டேட்டா பொய் சொல்லாது."

நானும் டேட்டா பக்கமே சாய்ந்தேன். அறிவியல் மீதான பற்று என்று நினைத்துவிடாதீர்கள். வெயில்!

கல்யாணத்துக்கு முந்தின நாள், சுந்தரபாண்டியத்துச் சொந்தங்களை அழைத்துவர பஸ் அனுப்பினேன். மத்தியானம் திரும்பி வந்தது. இறங்கியவர் ஒரே ஒருவர் – டிரைவர்.

"பேச்சியக்கா வரலேன்னா நாங்களும் வரலேன்னுட்டாவ, சார்."

சிவப்பு, பச்சை... அத்தனை புள்ளியும்! மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்க மூன்று மணி நேரம்தான் இருந்தது. பெண் வீட்டுக்கு ஆளே இல்லையா என்று கேட்டால் என்ன சொல்வது? தட்டை எடுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன். ரமேஷையும் இழுத்துக்கொண்டேன். லேப்டாப் பையை மட்டும் அவன் விடவில்லை.

பேச்சியக்கா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாலே. தபால்காரர் முந்திட்டாரு, நீ பிந்திட்டே."

தட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"என்னைய மட்டும் எதுக்குத் தபால்ல கூப்பிட்டே?"

ரமேஷைக் கை காட்டினேன். அம்புட்டு வீரன் நான். அவன் லேப்டாப்பைத் திறந்து விளக்கினான். அக்கா செத்த நேரம் உற்றுப் பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன், தம்பி?"

காட்டினான்.

"சுத்தி ஒண்ணுமே இல்லையே... எனக்கு யாருமே இல்லேன்னா போட்டிருக்கு?"

ரமேஷ் லேப்டாப்பை மூடினான்.

பிரசவம், ஆஸ்பத்திரி, சாவு, துட்டி – அந்த ஊரில் எந்த வீட்டில் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர் அக்கா. என் மகள் பிறந்தபோது அவளை முதலில் கையில் வாங்கியவரும் அவர்தான். அந்தக் கோடு எந்தப் போனில் இருக்கும்?

"தப்புதான்க்கா. நீங்க வரலேன்னா..." வெங்காயத் தோலுக்கு நடுவே தட்டோடு உட்கார்ந்துவிட்டேன். நடிப்பு இல்லை, நம்புங்கள்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார். "புள்ளைக்காக வாரேன். உனக்காக இல்ல."

தெருவில் இறங்கி ஒரே ஒரு சத்தம் கொடுத்தார்: "ஏட்டி, கிளம்புங்க!" கதவுகள் திறந்தன. எல்லோரும் பட்டுச்சேலை, வேட்டி கட்டித் தயாராகவே இருந்திருக்கிறார்கள்! அரை மணியில் பஸ் நிரம்பிவிட்டது.

அக்கா முன் சீட்டில். பக்கத்தில் எனக்கும் ஓர் இடம். ரமேஷ் மட்டும் கம்பியைப் பிடித்தபடி ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நின்றே வந்தான். ஒருவரும் நகர்ந்து உட்காரவில்லை.

பாவம்... அந்த பஸ்ஸில் அவனுக்கு யாரையும் தெரியாது!