என் வலது கைக்கான வழக்கு

பேராவூரணியில் பதினெட்டு வருடமாகத் தட்டச்சுப் பள்ளி நடத்துகிறேன். ஏழு மெஷின்கள், ஒரு கம்ப்யூட்டர், காலை ஆறு மணிக்கே வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகள். அரசு வேலைக்குத் தேர்வு எழுதுகிறவர்கள் இருக்கும்வரை இந்தத் தொழிலுக்குக் குறைவில்லை. வகுப்பு இல்லாத நேரத்தில் மனு, பத்திரம், வாடகை ஒப்பந்தம் என்று வெளியிலிருந்து வருவதையும் அடித்துக் கொடுப்பேன். ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

அன்று சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டு ஒன்பது மணி வகுப்புக்காக ஸ்கூட்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். தென்னந்தோப்புப் பாதையிலிருந்து தேங்காய் ஏற்றிய லோடு வேன் ஒன்று, ஹாரன்கூட அடிக்காமல் மெயின் ரோட்டில் ஏறியது. பிரேக் பிடித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, உருண்டு கிடந்த தேங்காய்களுக்கு நடுவே என் வலது கை யாருடையதோ போல முறுக்கிக்கொண்டு கிடந்தது.

தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் பழையபடி மடங்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என்னைச் சமாதானப்படுத்த முயலவில்லை. "மத்த மூணும் வந்துடும்மா" என்றார்.

நான்காம் நாள் வேன் உரிமையாளர் சாத்துக்குடிப் பையோடு வார்டுக்கு வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து வெகுநேரம் வருத்தப்பட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க என்னோடது டீச்சர். கேஸு கோர்ட்டுன்னு போனா வருஷக் கணக்கா அலையணும். இதுல ஒண்ணு போட்டுக் குடுத்துட்டீங்கன்னா ஸ்டேஷன்ல முடிச்சிடலாம்."

"கட்டுப் போட்ட கையால எப்படிங்க கையெழுத்துப் போடுறது?"

"இடது கைப் பெருவிரல் ரேகை போதும்."

அவர் மை டப்பாவையும் கொண்டுவந்திருந்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுத்தை விரலில் ஏற்றியவளிடம் ரேகை கேட்கிறார். வலியைவிட அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. தாளை இடது கையால் வாங்கிப் படித்தேன். 'வாகனத்தை நான் அஜாக்கிரதையாக ஓட்டி, தானாகவே கீழே விழுந்து' என்று இருந்தது.

"இது நடக்கலியே. நடக்காததுக்கு நான் ரேகை வெக்க மாட்டேங்க" என்று திருப்பிக் கொடுத்தேன்.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "ஒரே ஊர்ல இருக்கோம். நாளைக்கு மூஞ்சியப் பாக்கணும்ல?" என்றார்.

"நான் பாப்பேன். என்ன தப்பு பண்ணேன் நான்?"

ஆனால் கட்டுப் பிரித்த வாரம், தஞ்சாவூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் விபத்து வழக்குகளை நடத்தும் ஒரு பெண் வக்கீலிடம் என்னைக் கூட்டிப் போனவர் அவர்தான்.

வக்கீல் கேட்டதெல்லாம் காகிதம். முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, நான் தட்டச்சில் வாங்கிய ஹையர் தேர்வுச் சான்றிதழ்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேனுக்கு இன்சூரன்ஸ் நடப்புல இருக்கு. தீர்ப்பானா கம்பெனிதான் குடுக்கும், ஓனர் இல்ல. அது புரியாமத்தான் உங்ககிட்ட தாள நீட்டியிருக்கார்."

அதைக் கேட்டதும் என் கணவரின் தோள் இரண்டு அங்குலம் இறங்கியது.

இரண்டு வாரம் கழித்து மனு தயாராக இருந்தது. ஜூனியர் வக்கீல் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பேனாவை வைத்தார். நான் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அடித்த தாளைப் படிக்காமல் வெளியே விடுவது என் வழக்கம் இல்லை.

"எல்லாம் சரியா இருக்கும்மா" என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

மூன்றாம் பக்கத்தில் 'மனுதாரரின் இடது கை மணிக்கட்டில்' என்றிருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. உள்ளறையிலிருந்து வந்த வக்கீல் அந்த வரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது இப்படியே போயிருந்தா டாக்டர் சர்டிபிகேட்டோட இடிச்சிருக்கும். இனி உங்க கேஸ்ல எந்தத் தாளும் நீங்க பாக்காம போகாது" என்றார்.

வழக்கில் வேன் டிரைவர், நான்தான் தவறான பக்கத்தில் வேகமாக வந்தேன் என்று சொல்லிவிட்டார். சாட்சி வேண்டும். அந்தத் தோப்பில் அன்று தேங்காய் பறித்துக்கொண்டிருந்த மரமேறி ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்தார்.

"மரத்து உச்சிலேர்ந்து நான் முழுசாப் பாத்தேன் டீச்சர். நீங்க ஓரமாத்தான் வந்தீங்க. அவன் திரும்பிக்கூடப் பாக்கல."

"கோர்ட்ல வந்து சொல்லுவீங்களாண்ணே? அந்த வேனுக்கு லோடு குடுக்குற தோப்புலதானே உங்களுக்கு வேலை."

"மரம் ஏற ஆளில்லாம தோப்புக்காரங்கதான் என்னத் தேடிட்டு வராங்க. எனக்கென்ன?"

சொன்னபடியே வந்து, கூண்டில் ஏறி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இறங்கினார்.

என் முறை வந்தது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க ஆசிரியை. வாயாலேயே சொல்லிக் குடுக்கலாமே? ரெண்டு விரல் மடங்காததால வகுப்புக்கு என்ன நஷ்டம்?"

இந்தக் கேள்வி வரும் என்று என் வக்கீல் எச்சரித்திருந்தார். பதிலை மட்டும் எனக்கு விட்டிருந்தார்.

"ஐயா, முதல் பாடமே கீபோர்டைப் பாக்காம அடிக்கறதுதாங்க. ஆனா எந்த விரல் எங்க போகணும்னு பிள்ளைங்க என் கையப் பாத்துதான் கத்துக்குதுங்க. இப்ப என் கையப் பாத்து அடிச்சா தப்பாத்தான் அடிப்பாங்க. வெளி வேலையா நான் அடிச்சுக் குடுத்துட்டிருந்த மனுவும் நின்னுபோச்சு."

என் சாட்சியத்தைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்த பெண் ஒரு கணம் நின்று தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். நீதிபதி என் வலது கையை நீட்டி விரல்களை மடக்கிக் காட்டச் சொன்னார். மூன்று மடங்கின. இரண்டு நேராக நின்றன. கூச்சப்படாமல் அவர் பார்த்து முடிக்கும்வரை நீட்டியே வைத்திருந்தேன்.

தீர்ப்பு வர இரண்டு வருடம் ஆனது. டிரைவர் மீதுதான் தவறு என்றும், தொழில் செய்யும் திறனில் எனக்கு நிரந்தரக் குறை ஏற்பட்டிருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். கேட்ட நஷ்டஈட்டில் ஒரு பகுதியைக் குறைத்திருந்தார்கள். மேல்முறையீடு போகலாமா என்று வக்கீல் கேட்டார். இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றேன். தவறு என்னுடையதல்ல என்ற, எனக்கு வேண்டிய வரி அதில் இருந்தது.

இப்போது என்னிடம் படித்த ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறேன். 'யளனக' என்ற முதல் பாடத்தைப் பிள்ளைகள் அவள் விரலைப் பார்த்துப் பழகுகிறார்கள். தாளில் சிவப்புப் பேனாவால் பிழை சுழிப்பது நான். சென்ற தேர்வில் எங்கள் பள்ளியிலிருந்து போன பதினோரு பேரும் தேறினார்கள்.