கிரிக் மலைக்குச் சைக்கிள் விட்ட கதை

சைக்கிள் கடையில் வேலை பார்க்கிறவனிடம் ஊர் உலகம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “இது தாங்குமா?” டயரைக் காட்டிக் கேட்பார்கள், செயினைக் காட்டிக் கேட்பார்கள், மூன்று பிள்ளைகளைப் பின்னால் ஏற்றி வைத்துக்கொண்டும் கேட்பார்கள். தாங்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளுக்கு எது வந்தாலும் நம் தலையில்தான் விடியும். மலாய் நாட்டில் சுங்கை சிப்புட் ஊரில் ஒரு சீனர் கடையில் பதினோரு வருடம் பழுது பார்த்தவன் நான். வாய் தவறிப் பிறத்தியார் காரியத்துக்குப் பொறுப்பேற்றுக்கொண்டு, பிறகு சோறு இறங்காமல் தவித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

ஆறங்குலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் கிரிக்கிலிருந்து ஜெலி வரைக்கும் மலைக்காட்டுக்குள் புது ரோடு திறந்தார்கள். கொஞ்ச நாளில் எங்கள் ரப்பர்த் தோட்டத்து இளைஞர் மன்றத்துக்கு ஓர் ஆசை வந்தது. சுங்கை சிப்புட்டில் கிளம்பி, முதல் நாள் லெங்கோங், இரண்டாம் நாள் கிரிக், மூன்றாம் நாள் மலையைத் தாண்டி ஜெலி, நாலாம் நாள் கோத்தா பாரு. எல்லாம் சைக்கிளில். போகிறவர்கள் ஆறு பேர், ஆறு பேருமே பால்மரம் சீவுகிறவர்கள். வழியில் சைக்கிள் படுத்துக்கொண்டால் எழுப்புவதற்கு ஏழாவதாக நான். ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பு.

இதைச் சொல்ல வந்தவர் மன்றத்துச் செயலாளர், கிராணி சிவஞானம். தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை, யாழ்ப்பாண வழி வந்த குடும்பம், நல்ல மனிதர், சைக்கிளில் ஏறினதே கிடையாது. ஒரு பள்ளிக்கூட அட்லஸைக் கடை மேசையில் விரித்தார். மலை இருக்கிற இடமெல்லாம் காப்பிக்கொட்டை நிறம். அந்த நிறத்தின் மேலேயே விரலை ஓட்டினேன். ஏற்றம் எத்தனை, இறக்கம் எத்தனை, நடுவில் கடை கண்ணி உண்டா என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன அடிக்கோலை எடுத்து அட்லஸில் வைத்து அளந்தார். “தம்பி, முழுத்தூரமும் ஆறங்குலம் கூட இல்லை. இதுக்கேன் இப்பிடி முழுசுறீர்?”

பட்டியலில் மூன்றாவது பெயர்

ஆறு பெயரில் மூன்றாவது முனியாண்டி. என் தங்கை லெட்சுமிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை. பரிசம் போட்டாயிற்று. மலைப் பயணம் முடிந்து இருபதாம் நாள் கல்யாணம். பத்திரிகைகூட அச்சுக்குப் போய்விட்டது. என் நிலைமை இப்போது புரிகிறதா? மற்ற ஐந்து பேருக்கு ஏதாவது ஆனால் ஊர் என்னைத் திட்டும். இவனுக்கு ஏதாவது ஆனால் எங்கள் வீட்டில் அடுப்பே எரியாது.

லெட்சுமி வீட்டில் எதுவும் பேசவில்லை. அம்மா காதில் விழக்கூடாது என்று பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டாள். அவர் பெயரை எடுத்துவிடு என்றாள். நானாக எடுத்தால் மாப்பிள்ளையைக் கையாலாகாதவன் என்று சொன்ன மாதிரி ஆகும், சம்பந்தமே கசந்துபோகும் என்றேன். அவள் சட்டென்று எழுந்துகொண்டாள். பிறகு படி இறங்கிப் போய், திரும்பி நின்று சொன்னாள். “அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அண்ணே, நான் வீட்டுல உக்காந்து அழமாட்டேன். இந்தக் கடை வாசல்ல வந்து உக்காந்துருவேன், பாத்துக்க.”

லாரிக்காரர் சொன்ன வழி

எங்களுக்குத் தெரிந்து அந்த ரோட்டில் போய்வந்தவர் லாரி ஓட்டும் ராயப்பன் ஒருவர்தான். சைக்கிளில் போகப்போகிறோம் என்றதும், “தஞ்சோங் ரம்புத்தானுக்கு இந்தப் பக்கம் போகணுமே அண்ணே” என்று ஐப்போ பக்கம் கையைக் காட்டினார். மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரை இழுக்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு கேலியும் முடியாது. பிறகு நான் விளையாடவில்லை என்று தெரிந்து விவரமாகச் சொன்னார். எழுபது மைலுக்கு ஒரு கடை கிடையாது. நடுவில் பெரிய ஏரி, அதன் மேல் பாலம். அங்கங்கே ராணுவக் காவல், ஏனென்றால் காட்டுக்குள் துப்பாக்கி வைத்திருக்கிற கம்யூனிஸ்டுகள் நடமாட்டம் இன்னும் ஓயவில்லை. காலையில் விடிந்த பிறகுதான் ரோட்டுத் தடுப்பைத் தூக்குவார்கள். பொழுது சாய்வதற்குள் அந்தப் பக்கம் வெளியே போய்விட வேண்டும்.

நான் எழுதிக்கொண்டேன்: பத்து மணிக்குள் ஏரிப் பாலம், முடியாவிட்டால் வருகிற லாரியில் ஏறிவிட வேண்டியது. காட்டு யானையைப் பற்றிக் கேட்காமலே நோட்டை மூடினேன். அவராகவே சொன்னார். “யானை ஒண்ணும் செய்யாதுலா. நம்ம ஓடாம நின்னா அது பாட்டுக்குப் போயிரும். ஆனா அண்ணே, அதைப் பாத்துட்டு ஓடாம நின்னவன் எவனையும் நான் இன்னும் பாக்கல.”

பயணத்தின் காரணம்

முன்கூட்டியே போலீசில் சொல்லிவிட்டுப் போவது நல்லது என்றும் ராயப்பன் சொல்லியிருந்தார். ஏழு பேருடைய அடையாளக் கார்டையும் வாங்கிக்கொண்டு போனேன். மேசையில் இருந்த மலாய்க்காரச் சார்ஜன் தன்மையானவர். பெயர்களை நிதானமாக எழுதினார். ஆபத்து அவசரம் என்றால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் கேட்டார். ஏழு பேருக்கும் எங்கள் கடை டெலிபோன் நம்பரையே சொன்னேன். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது, எனக்கு ஏதாவது ஆனால் எனக்கேதான் போன் வரும்.

அதற்கு முன்னால், பயணத்தின் காரணம் என்ன என்று கேட்டார். அந்தக் கேள்வியை நானே ஒரு மாதமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். சும்மா என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். பஸ் இருக்கிறதே என்பதை மலாயில் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். “பாஸ் அடா லா!”

மூன்று தடவை

மன்றத்தில் ஒரு விதி போட்டேன். நான் சோதித்துப் பின் மட்கார்டில் சாக்குக்கட்டிக் கோடு போட்டால்தான் அந்தச் சைக்கிள் மலைக்குப் போகலாம். சோதனை தோட்டத்து முறைப்படி. ரப்பர்ப் பால் கொண்டுபோகும் டின் இரண்டில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, கேரியரில் இரண்டு பக்கமும் கட்டி, கோயில் மேட்டிலிருந்து செம்மண் இறக்கத்தில் விட வேண்டும். கீழே ரோட்டு முனையில் நிறுத்தும்போது தண்ணீர் சிந்தக்கூடாது. தினமும் பால் சுமக்கிறவர்களுக்கு இது கைவந்த கலை, ஆறு பேரும் வெகு சாதாரணமாக இறங்கி வந்தார்கள்.

எனக்கு உள்நோக்கம் ஒன்று இருந்தது. மாப்பிள்ளையை நிறுத்த முடியாது, மாப்பிள்ளையின் சைக்கிளை நிறுத்தலாம் அல்லவா? முதல் தடவை முன் சக்கரத்தைப் பிடிக்கிற போர்க் சரியில்லை என்றேன். மாற்றிக்கொண்டு வந்தான். இரண்டாம் தடவை பின்சக்கரத்தில் நாலு கம்பி தளர்ச்சி என்றேன். முறுக்கிக்கொண்டு வந்தான். மூன்றாம் தடவை குற்றம் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. கடைசியில் ரிம்மை விரலால் தடவி, எண்ணெய்ப் பிசுக்கு, பிரேக் கட்டை வழுக்கும், ஆகாது என்று தள்ளிவிட்டேன். சொல்லும்போதே வெட்கமாகத்தான் இருந்தது. அவன் கோபப்படவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். “எல்லாத்தையும் ஒரே தடவையா சொல்லிருங்க மச்சான். நான் எழுதி வச்சிக்கிறேன், பெறகு நானே பாத்துக்குவேன்.”

தாப்பாவில் வாழைப்பழம்

முனியாண்டிக்குப் பதினாலு விஷயம் சொன்னேன். ஒன்பதாவது: ரிம்மில் எண்ணெய் இருக்கக்கூடாது. நாலாம் தடவை கோடு போடாமல் இருக்க எனக்குக் காரணம் அகப்படவில்லை. பயந்து பின்வாங்கிவிடுவான் என்ற நப்பாசையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் தாப்பாவுக்குக் கூட்டிப்போய் கேமரன் மலை ரோட்டில் ஏறிப் பழகச் சொன்னேன். பயந்தது நான்தான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், வளைவுக்கு வளைவு காய்கறி லாரி. ஐந்தாவது மைலில் குமட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். முனியாண்டி ஒவ்வொரு வளைவிலும் எனக்காகக் காத்து நின்றான்.

திரும்பி வந்து தாப்பாவில் வாழைப்பழம் விற்கிற அக்காவிடம் இரண்டு சீப்பு வாங்கினோம். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பழத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார். “ஏறுறது பெருசில்ல தம்பி. எறங்கறப்பதான் சாமியும் பிரேக்கும் ஒண்ணா தொணைக்கு வரணும்.”

மூட்டை

இனி எது உடைந்தாலும் மாற்றுச் சாமான் கையில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என்னால் ஆகக்கூடியது. சாக்குப் பையில் சேர்க்க ஆரம்பித்தேன். டியூப், கம்பி, செயின் கண்ணி, பிரேக் கட்டை, பிஸ்கட் டின் நிறைய பால்ரஸ் குண்டுகள். காற்றடிக்கும் பம்பு ஒன்று. அது கெட்டுப்போனால்? இன்னொன்று. இரண்டும் கெட்டுப்போனால்? மூன்றாவது. இரண்டு வாரத்தில் பை மூட்டையாகிவிட்டது.

கடை முதலாளியான சீனரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம், தோட்டத்துக்காரர்களிடம் வியாபாரம் செய்தே தமிழ் கற்றவர். மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். தூக்க முடியவில்லை. உதைத்துப் பார்த்தார், அசையவில்லை. முகத்தில் சிரிப்பே இல்லாமல் என்னிடம் கேட்டார். “சைக்கிள் போறான் லா? கடை போறான் லா?”

புறப்பாடு

முந்தின நாள் மாலையே ஏழு சைக்கிளையும் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கொண்டுபோய் நிறுத்தினோம். காலையில் பூசை. ஹேண்டில்பாரில் வேப்பிலை, மாலை, சந்தனம், குங்குமம். போட்டோ பிடிக்க ஐப்போவிலிருந்து ஆள் வந்திருந்தார். பூசாரி சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு வர, நான் கையில் பட்டியலோடு ஒவ்வொரு சைக்கிளாகக் குனிந்து பார்த்தேன். ஆறு சைக்கிளும் அப்பழுக்கில்லை. ஏற்பாடு செய்தவர்தான் முதலில் இறங்க வேண்டும் என்று கிராணி எனக்கு மரியாதை செய்தார்.

மேட்டிலிருந்து விட்டேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது, பெண்கள் குலவையிட்டார்கள். பாதி இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினேன். பிடிக்கவில்லை. பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். சைக்கிள் இன்னும் வேகமெடுத்தது, பின்னால் மூட்டை வேறு தள்ளியது. ரோட்டு முனையில் இருந்த ஆழமான சாக்கடையில் மாலையோடும் மூட்டையோடும் போய் விழுந்தேன். இடது மணிக்கட்டில் என்னவோ ஒடிந்த சத்தம் கேட்டது. கவிழ்ந்த சக்கரம் என் முகத்துக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது, அதிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. எனக்குப் பின்னால் வந்த முனியாண்டி விளிம்பில் அழகாக நிறுத்திவிட்டுக் குதித்து என்னைத் தூக்கினான். மூச்சிரைக்க ஓடிவந்த கிராணி மேலே நின்று எட்டிப் பார்த்தார். “தம்பி, இந்தப் பள்ளம் அட்லஸில இருக்கேல்லை.”

கடை வாசல்

பயணம் நிற்கவில்லை. மூட்டையில் பாதி முனியாண்டியின் கேரியருக்குப் போயிற்று, தலைமையும் அவனுக்கே போயிற்று. நான் கையில் மாவுக்கட்டோடு கடையில் டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்களுக்குச் சொல்கிறேன், கூடப் போவது பயம்தான், ஆனால் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ தேவலை. முதல் நாள் லெங்கோங்கிலிருந்து போன் வந்தது. இரண்டாம் நாள் கிரிக்கிலிருந்து வந்தது. மூன்றாம் நாள் மலை.

மத்தியானம் தாண்டியது. வடக்கே வானம் கறுத்துக் கிடந்தது. நாலு மணிக்கு லெட்சுமி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, சொன்னபடியே கடை வாசலில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தாள். நான் டெலிபோனைக் காதில் வைத்துச் சத்தம் வருகிறதா என்று பார்த்தேன். வெகுநேரம் கழித்துத் தலையைக் குனிந்தபடியே ஒன்று சொன்னாள். போட்டோவில் பளபளவென்று தெரியட்டும் என்று கோயிலில் வைத்து என் ரிம்முக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தது அவள்தானாம். என்னுடையதை மட்டுமா என்று கேட்டேன். அவருடையதையும்தான் என்றாள். அவன் இறக்கத்தில் ஒழுங்காக நின்றதை என் கண்ணாலேயே பார்த்தவன் நான். பயம் பிடித்தவனுக்கு அதெல்லாம் ஞாபகம் வருமா? மழை, மலை இறக்கம், எண்ணெய் ரிம் என்றே மனம் ஓடியது. ஐந்தடித்தது, ஆறடித்தது. தடுப்பை இறக்கியிருப்பார்கள். தவுக்கே கடைப் பலகையில் இரண்டை அடைக்காமல் விட்டு, எங்கள் இருவருக்கும் காப்பி வாங்கி வைத்தார். காப்பி ஆறிப்போனது.

விளக்கு வைத்த பிறகு போன் அடித்தது. லெட்சுமி எடுத்து என் காதில் வைத்துவிட்டு, அவளும் காதை ஒட்டிக்கொண்டாள். முனியாண்டி. ஆறு பேரும் ஜெலிக்கு வந்துவிட்டார்கள். ரோட்டில் யானை நின்றதால் ஒரு மணி நேரம் தாமதமாம். ஓடவில்லையா என்றேன். “ஓடறதுக்குத் தெம்பு எங்க மச்சான், ஏத்தம் பூரா தள்ளிட்டுல்ல வந்தோம்” என்றான். லெட்சுமி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பிரேக் பிடித்ததா என்று கத்தினேன். பூசைக்கு முன்னாலேயே ரிம்மைத் தொட்டுப் பார்த்து, மண்ணெண்ணெய்த் துணி போட்டுத் துடைத்துவிட்டானாம், ஒன்பதாவது விஷயம் அதுதானே என்றான். அப்படியே என் சைக்கிளையும் பார்த்திருக்கக்கூடாதா என்று கேட்டேன். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “பதினாலும் பாத்துட்டேன் மச்சான். உங்க சைக்கிளை யாரு பாக்கணும்னு அதுல இல்லையே.”

கல்யாணப் போட்டோவில் மாவுக்கட்டோடு ஒற்றைக் கையால் அட்சதை போடுகிறவன் நான்தான், அன்றிலிருந்து எவர் சைக்கிளைக் கொண்டுவந்து “இது தாங்குமா?” என்று கேட்டாலும் முதலில் என் சைக்கிளின் ரிம்மைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.