குப்பாயி முடித்த படம்

படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "அந்தக் கடைசிச் சிரிப்பை எப்பிடி எடுத்தனீங்கள்?" இயக்குநர் தயாபரனிடம் கேட்டால், ஆறு மாதம் யோசித்துத் திட்டம் போட்டவன்போலத் தாடியைத் தடவிக்கொண்டு விளக்கம் சொல்லுவான். நம்பாதீர்கள். பச்சைப் பொய். ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த இடத்தில் நின்றவள் நான், சுதர்சினி. சிரிப்பைப் பற்றிச் சொல்ல முதல் குப்பாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போஸ்டரில் அவருடைய முகம் அவ்வளவு பெரிதாக இருக்கிறது, ஆள் யார் என்று எந்தப் பேப்பரிலும் ஒரு வரி வரவில்லை. நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குப்பாயி பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பதினொரு வயதில் கொழும்பில், கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வந்தார். பிறகு இரத்மலானையில் தையல் தொழிற்சாலை. அங்கே ஒரு லொறிக்காரனைக் கட்டினார். இரண்டாம் வருஷம் அவன் குருநாகலுக்குச் சாமான் ஏற்றிப் போனான். லொறி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. தோட்டத்திலிருந்த தம்பி தங்கையாவுக்கு ஒரு வீடு கட்டத் தொடங்கினார். சுவர் இடுப்பளவு எழும்பியதோடு சரி. நாற்பத்தெட்டு வயதில் வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு துணிக்கடை வாசலில் செக்கியூரிட்டி வேலை கிடைத்தது. கால்சட்டை போடச் சொன்ன முதல் நாள் கழிப்பறைக்குள் போய் அழுதாராம். சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுத்த பெயர் அட்டை, அவருக்கு முன்னால் வேலை செய்த குமாரி என்ற பிள்ளையுடையது. ஒருவரும் மாற்றிக் கொடுக்கவில்லை. பத்து வருஷமாக அந்த வாசலில் அவர் குமாரியாகவே நின்றார்.

ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த வருஷத்துக்குப் பிறகு கொழும்பில் கடை வாசலில் பையைத் திறந்து காட்டுவது பழக்கமாகிவிட்டது. எல்லோருடைய பையையும் பார்ப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம் ஒரு நாள், பக்கத்து ஊரான பாமன்கடையிலிருந்து ஹப்ஸா என்பவர் அங்கே துணி எடுக்க வந்தார். கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த ஷரீப் என்பவரின் மனைவி. ஐம்பத்தைந்து வயது, கறுப்பு அபாயா, வாயைத் திறந்தால் அந்தத் தெரு முழுக்கக் கேட்கும். குப்பாயி அவருடைய பையைத் திறக்கச் சொன்னார்.

"எனக்கு முன்னுக்குப் போன நாலு பேர்ட பேக்கையும் பாக்கல்ல. என்ட பேக் மட்டும் ஏன்? இந்த அபாயாவப் பாத்துத்தானே?"

வேறு யாராக இருந்தாலும், எல்லோரையும்தான் பார்க்கிறோம் என்று சமாளித்திருப்பார்கள். குப்பாயி சமாளிக்கவில்லை.

"ஆமாங்க. அதப் பாத்துத்தான். மொதலாளி அப்படித்தான் சொல்லி இருக்காரு. அதுக்கு நான் உங்ககிட்ட பொய்யா சொல்ல முடியும்?"

ஹப்ஸா பையை அப்படியே தரையில் கவிழ்த்தார். தஸ்பீஹ் மணி, மூக்குக்கண்ணாடி, பாதி தின்ற பணிஸ், ஐந்தாறு மருந்துக் கார்டுகள். "பாருங்க! நல்லாப் பாருங்க!" குப்பாயி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே, "இத்தன மருந்து திங்கிறீங்களே, கத்துறதக் கொஞ்சம் கொறைங்க, ப்ரெஷர் ஏறிரும்" என்றார். சனம் கூடிவிட்டது. கால் மணித்தியாலம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தச் சனத்துக்குள் ஷேர்ட் எடுக்க வந்த தயாபரனும் நின்றான். வெள்ளவத்தையில் கணக்கு ரியூஷன் கொடுத்துக்கொண்டு, இந்தா படம் எடுக்கிறேன், அந்தா எடுக்கிறேன் என்று பத்து வருஷமாகச் சொல்லித் திரிந்தவன். அன்று பின்னேரம் எனக்குக் கோல் எடுத்தான்.

"சுதா, ஹீரோயின்மார் ரெண்டு பேரும் கிடைச்சிட்டினம்."

"எங்கயடா?"

"துணிக்கடை வாசல்ல. அடிபட்டுக்கொண்டு நிக்கினம்."

இரண்டு பேரையும் சம்மதிக்க வைக்க மூன்று மாதம் பிடித்தது. ஹப்ஸாவின் கணவர் ஷரீப், "வீட்டில தினமும் நடிக்கிறத அங்க போய் நடிக்கட்டுமே" என்று சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். மகள் நிம்றாவுக்கு மட்டும் கடைசி வரை விருப்பமில்லை.

கதை இவ்வளவுதான். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய தொடர்மாடி. எதிரெதிர் வாசலில் இரண்டு பெண்கள், ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. தண்ணீர்த் தாங்கி, குப்பை வாளி, காயப்போட்ட துணி, எல்லாவற்றுக்கும் சண்டை. நாலு வருஷம் கழித்து ஹப்ஸாவின் பாத்திரம் வீடு மாறிப் போகிறது. கீழே லொறி நிற்கிறது. கடைசிக் காட்சியில் குப்பாயி தன் வாசலில் நின்று சொல்ல வேண்டும்: "போறதுதான் போற, ஒன் இருமலையும் சேத்து ஏத்திக்கிட்டுப் போ. நாலு வருசமா எனக்கு அதக் கேக்காம தூக்கம் வர மாட்டேங்குது." அதைக் கேட்டு ஹப்ஸா விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்போடு படம் முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களிலும் படம் பிடித்தோம். கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, மாதா கோயில் மணி, பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டு, இவற்றுக்கு இடையில் நான் பட்ட பாட்டை எழுதினால் தனிப் புத்தகம் வரும். இரண்டு பேரும் முதல் மாதம் கமெராவுக்கு முன்னால் மட்டும்தான் கதைத்தார்கள். ஒரு நாள் குப்பாயி தன் சோற்றுப் பார்சலைத் திறக்க, அது புளித்துப்போயிருந்தது. ஹப்ஸா தன் சாப்பாட்டில் பாதியை நகர்த்தி வைத்தார். "இது மாட்டிறைச்சி இல்ல, கோழி. நம்பித் தின்னுங்க." அடுத்த ஞாயிறு முதல் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்தார். குப்பாயி படிக்கட்டில் உட்கார்ந்து அவருடைய முழங்காலுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடுவார். எங்களைப் பற்றித்தான் இரண்டும் கிசுகிசுத்துச் சிரிக்கும். தயாபரனின் தாடி, என்னுடைய முகம் சுளிப்பு, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

ஒரு விஷயத்தை நான் ஒளிக்கக் கூடாது. நாங்கள் எல்லோரும் ஹப்ஸாவை அன்ரி என்றோம். குப்பாயியைக் குப்பாயி என்றோம். எங்களுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. ஒரு நாள் ஹப்ஸா எல்லோருக்கும் முன்னால் என்னைப் பிடித்தார். "சுதா, அவ என்ன விட நாலு வயசு மூத்தவ. நான் அன்ரி, அவ வெறும் குப்பாயியா? உங்கட வீட்டில இப்பிடியா பழக்கினாங்க?" எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அன்று முதல் ஹப்ஸா அவரைத் தாத்தா என்று கூப்பிட்டார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் குப்பாயி அக்கா என்றேன். வெட்கத்தில் முதல் இரண்டு முறை வாயே வரவில்லை.

கடைசிக் காட்சி மட்டும் மிச்சமிருந்தது. அதை எடுக்க இருந்த ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை, கடையில் இருந்தபடியே ஷரீப் மௌத்தாகிவிட்டார். மாரடைப்பு.

ஹப்ஸா இத்தா இருக்கப் போனார். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வர மாட்டார், அந்நிய ஆண்களுக்கு முன்னால் நிற்க மாட்டார். தயாபரன் படப் பேச்சை எடுக்கவில்லை. அந்த மட்டும் அவனுக்குப் புத்தி இருந்தது. நாங்கள் காத்திருந்தோம். குப்பாயி அக்கா மட்டும் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து பாமன்கடைக்கு நடந்துபோய் ஒரு மணித்தியாலம் ஹப்ஸாவோடு இருந்துவிட்டு வருவார். என்ன கதைப்பீர்கள் என்று கேட்டேன். "என்னத்தக் கதைக்க? அது அழுவும். நான் சும்மா ஒக்காந்திருப்பேன்" என்றார்.

இரண்டாம் மாதம் ஒரு நாள் கடை வாசலில் அவரைக் கண்டேன். பாதம் இரண்டும் வீங்கிச் சப்பாத்து போட முடியாமல் பாட்டாச் செருப்போடு நின்றார். வற்புறுத்திக் கேட்டபோதுதான் சொன்னார். இருதயம் பழுது. ஒப்பரேஷன் செய்தாலும் உடம்பு தாங்காது என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஹப்ஸா அன்ரிக்குத் தெரியுமா?"

"சொல்லிப்புடாத புள்ள. அது ஏற்கனவே அழுதுகிட்டுக் கெடக்கு." பிறகு என் கையைப் பிடித்தார். "நான் கைய வச்ச எதுவும் முடிஞ்சதில்ல. படிப்பு முடியல. கல்யாணம் முடியல. தங்கையாவுக்கு வீடு முடியல. இந்தப் படமாச்சும் முடியணும். பாதியில நின்னா என்னால தாங்க முடியாது."

நான் அன்றே தயாபரனிடம் போனேன். எதிரெதிரே நின்று பேசுகிற இருவரையும் ஒரே நாளில் எடுக்க வேண்டும் என்று சினிமாவில் சட்டம் இல்லை. ஒருவரை இன்று எடுத்து மற்றவரை ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் ஒட்டிக்கொள்ளலாம். குப்பாயி அக்காவின் பக்கத்தை முதலில் எடுப்போம் என்றேன். ஹப்ஸா நிற்க வேண்டிய வாசலில் ஒரு தடியை நட்டு, முகத்தின் உயரத்துக்குச் சிவப்பு நாடா கட்டினோம். குப்பாயி அக்கா தடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "கம்புகிட்டயா கதைக்கச் சொல்றீங்க? எனக்கு வராது." ஐந்து முறை எடுத்தும் சரிவரவில்லை. கடைசியில் நான் பாமன்கடைக்குக் கோல் எடுத்து ஃபோனைத் தடியில் கட்டிவிட்டேன். ஹப்ஸா வீட்டுக்குள் இருந்தபடியே தன் வசனத்தைச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டதும் குப்பாயி அக்காவின் முகம் மாறிவிட்டது. ஒரே தடவையில் முடித்தார். "என் பங்கு முடிஞ்சிருச்சு ஹப்ஸா, இனி ஒன் பங்கு" என்று ஃபோனைப் பார்த்துச் சொன்னார்.

இத்தா தொடங்கி மூன்றரை மாதத்தில் குப்பாயி அக்கா போய்விட்டார். வேலைக்குப் போக உடுத்திக்கொண்டு கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை. தங்கையா வந்து உடலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். போகிற வழியில் ஹப்ஸாவின் வீட்டுக்கு முன்னால் வேனை நிற்பாட்டச் சொன்னது நான்தான். ஹப்ஸா வெளியே வரவில்லை, வர முடியாது. மேல்மாடி ஜன்னல் சீலை கொஞ்சம் விலகியது. வேன் இரண்டு நிமிஷம் நின்றது.

அன்று பின்னேரம் நான் ஹப்ஸாவின் வீட்டுக்குள் போனேன். வெள்ளை உடுப்போடு கட்டிலில் இருந்தவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சீக்குது. எனக்குச் சொல்லல்ல." நான் அழுதுகொண்டே, கடை வாசலில் குப்பாயி அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னதைச் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை, தேற்றவும் வேண்டியதில்லை. பிறகு, "இத்தா முடிஞ்ச அடுத்த ஞாயிறு எடுப்போம்" என்றார். நிம்றா கதவடியில் நின்று சீறினாள். "வாப்பா மௌத்தாகி நாலு மாசம் உம்மா. சிரிக்கிற படமா நடிக்கப் போறீங்க? சனம் என்ன சொல்லும்?" ஹப்ஸா சொன்னார்: "சனம் சொல்றதச் சொல்லட்டும். அவ முடியணும்னு கேட்டுட்டுப் போயிட்டா."

அந்த ஞாயிறு வந்தது. இப்போது குப்பாயி அக்காவின் வாசலில் தடி நின்றது. நான் அவருடைய பதிவை ஒலிபெருக்கியில் போட்டேன். "போறதுதான் போற..." அவ்வளவுதான், ஹப்ஸாவின் முகம் உடைந்துவிட்டது. கண்ணைத் துடைத்து, தண்ணீர் குடித்து, மறுபடி. மறுபடியும் அதே. எட்டுத் தடவை. எனக்கே பொத்தானை அழுத்தக் கை வரவில்லை. தயாபரன் மெதுவாகச் சொன்னான்: "விடுங்கோ அன்ரி. சிரிப்பு வேண்டாம். சும்மா நிண்டு பாத்தால் காணும், படத்தை அதோட முடிப்பம்."

"உங்களுக்குக் காணும். அவளுக்குக் காணாது!" என்று கத்தினார் ஹப்ஸா. பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தக் குரலப் போடாதீங்க. எனக்கு ஏலா. நீங்க போய் அங்க நில்லுங்க. நீங்க சொல்லுங்க."

"நானா?"

"நீங்கதான்."

தடியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நின்றேன். குப்பாயி அக்கா சொன்னது மாதிரியே சொல்ல வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்தி, மலையகத் தமிழ் என்று நான் நினைத்துக்கொண்ட எதையோ வாயில் போட்டு மென்று, "போறதுதான் போறீங்க, ஒங்கட... ஒன்ட இருமலையும் ஏத்திக்கிண்டு..." என்று இழுத்தேன். யாழ்ப்பாணமும் கொழும்பும் ஹற்றனும் ஒன்றோடொன்று மோதி நசுங்கிப்போயின. அதற்குமேல் வசனமும் மறந்துவிட்டது. வாயைத் திறந்தபடி நின்றேன்.

ஹப்ஸாவுக்கு முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு வெடித்தது. நாலு மாதமும் அடக்கி வைத்த சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, இந்தக் கூத்தைப் பார்த்தியா என்று கேட்கிறவர்போல, சட்டென்று பக்கத்தில் திரும்பினார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. சிரிப்பு வாயில் இருந்தபடியே கண் மட்டும் அந்த வெறும் இடத்தில் நின்றது. தயாபரன் கட் சொல்லவில்லை. படத்தில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். என்னுடைய உளறலை வெட்டிவிட்டு, குப்பாயி அக்காவின் குரலை வைத்திருக்கிறோம்.

ஹப்ஸா அபாயாவின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டில் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"முடிஞ்சிச்சா?"

"ஓம் அன்ரி. முடிஞ்சுது."

"அப்ப தங்கையாக்கு ஒரு கோல் எடுங்க. தாத்தா தொடங்கினது முடிஞ்சிட்டுதுன்னு சொல்லுங்க."